மாடிக்குப் போன கடிதம்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் நம் மருமகளைச் சமையலறை மேஜையில், பேனா மூடியைக் கடித்தபடி விட்டுவிட்டு வந்தோம். அந்தக் கடிதத்தை எழுதி முடித்தாளா என்றால், முடித்துவிட்டாள். அன்று சாயங்காலமே அது மாடி வீட்டுக் கதவுக்கு அடியில் நுழைந்தும் விட்டது. நுழைத்தவன் அவள் புருஷன். தட்டிக் கொடுக்கப் பயந்து, தள்ளிவிட்டு ஓடி வந்துவிட்டான்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மாடியில் குடியிருப்பவர் ஒரு கட்டிங் மாஸ்டர். தையற்கடையில் துணி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். கடையை இழுத்து மூடிவிட்டார்கள். அதன்பிறகு ஜன்னலோரமாகச் சொந்த மெஷினைப் போட்டுக்கொண்டு, பேண்ட் சுருக்குவது, ஜிப் மாற்றுவது என்று கிடைத்ததைத் தைக்கிறார். மனைவி தவறி இரண்டு வருஷம். ஒரே மகள், ஆறாம் வகுப்பு. முகம் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக இருப்பதால் அவளுக்குப் பெயர் பட்டன்.

நாலு மாதமாக வாடகை வரவில்லை.

கீழ் வீட்டுக்காரர்களையும் குறை சொல்வதற்கில்லை. மாடி கட்டிய கடனுக்கு மாடி வாடகையைத்தான் நம்பியிருந்தார்கள். ஆனால் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அந்த வீட்டில் வாடகை என்ற சொல்லே புழக்கத்தில் கிடையாது. அதற்குப் பெயர் 'அது'.

"மாஸ்டர், அது என்னாச்சு?"

"அதுதாம்மா, இந்த வாரம் பாத்துடறேன்."

இப்படியே நாலு மாதம். போன மாதம் ஒரு தடவை புருஷன்காரன் துணிந்து மாடி ஏறினான். அரை மணி கழித்து, இடுப்புச் சுருக்கிய பேண்ட்டோடு இறங்கி வந்தான். 'அதை'க் கேட்கவும் இல்லை, தைத்த கூலியைக் கொடுக்கவும் இல்லை.

"லிப்ட் மெக்கானிக்காம், லிப்ட் மெக்கானிக்கு! ஊர்ல எல்லாரையும் மேல ஏத்தி விடறான். சொந்த வீட்டு மாடிக்கு ஏறி ஒரு வார்த்தை கேக்க முடியல" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மாமியார். அவளுக்கோ முட்டி வலி. ஏற முடியாது. முட்டி சரியாக இருந்தாலும் ஏறியிருக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

கடைசியில் மருமகள் தலையில் விழுந்தது. பட்டன் படிக்கிற பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் ஃபீஸ் கவுண்டரில் கிளார்க் அவள். பதினோரு வருஷமாகப் பாக்கி வைத்தவர்களுக்கு நோட்டீஸ் எழுதுகிற கை. "நீ எழுதினா ஒரு எழுத்து வீண் போகாது" என்று மாமியார் பேனாவைக் கையில் திணித்துவிட்டாள்.

இனி மறுநாள் காலை.

ஏழரை மணி வரைக்கும் மாடியில் சத்தமே இல்லை. வழக்கமாக ஆறு மணிக்கே மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தில்தான் கீழே பால் பொங்கும்.

"பாத்தியா, கடுதாசி வேலை செய்யுது" என்றாள் மாமியார். "ஆளு வெளியில போயிருக்கான் போல. பணம் புரட்டத்தான்."

"பாவம்மா."

"பாவம் பாத்துத்தான் நாலு மாசம் ஆச்சு. ஆனாலும் கடைசியா ஒரு போடு போட்டே பாரு! அந்த வரியைப் படிச்சதும் எனக்கே தூக்கி வாரிப் போட்டுது. கெட்டிக்காரிதான் நீ."

மருமகளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. 'மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க நேரிடும்' என்று முடித்ததாக அவளுக்கு ஞாபகம். அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்று பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை ஆரம்பம். பத்து மணிக்கு மணி அடிக்கும். பரீட்சை முதல் நாள் என்றால் கவுண்டரில் ஒன்பதிலிருந்தே கூட்டம். பாக்கி வைத்த பெற்றோர்கள் கடைசி நிமிஷத்தில் ஓடி வருவார்கள். பணத்தை வாங்கி, ரசீது போட்டு, 'தேர்வு எழுத அனுமதிக்கலாம்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ரசீது நம்பரைக் குறித்து, முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். பிள்ளை அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடும். மதியம் டீச்சர்கள் அந்தச் சீட்டுகளையெல்லாம் சேர்த்து ஹெட் கிளார்க்கிடம் கொடுப்பார்கள். அவர் ரசீதுப் புத்தகத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷனுக்குக் கண்ணைவிடக் காது கூர்மை.

ஒன்பதே முக்கால் இருக்கும். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம், தேய்த்த சட்டையோடு மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"அட, என்ன மாஸ்டர், இங்க வந்திருக்கீங்க?"

"வணக்கம் மேடம்" என்றார் அவர்.

மேடமா? மூன்று வருஷமாக அவர் வாயில் அவள் தங்கச்சி. "தங்கச்சி, தண்ணி மோட்டாரைப் போட்டு விடு." "தங்கச்சி, பட்டன் பசிச்சு வந்தா ரெண்டு வாய் குடு." அந்த வாயா மேடம் என்கிறது?

அவர் ஜன்னல் துவாரத்தின் வழியாக ஒரு காகிதத்தைத் தள்ளினார். அதன்மேல் நோட்டுகள், ரப்பர் வளையம் போட்டு.

"நாலு மாசத்துதும் இருக்கு மேடம். நீங்க வீட்டுலேருந்து கிளம்பிட்டீங்க, அதான் நேரா இங்கயே வந்துட்டேன். பாப்பாவை வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கேன். இன்னும் கால்மணிதான் இருக்கு. ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா உள்ள போயிடுவா."

எதற்குச் சீட்டு? பட்டனுக்கு வருஷ ஆரம்பத்திலேயே ஃபீஸ் கட்டியாகிவிட்டதே? அவள் நோட்டுகளை நகர்த்திவிட்டுக் காகிதத்தைப் பார்த்தாள்.

தன் கையெழுத்து. அவள் எழுதிய அதே கடிதம். மரியாதையாக ஆரம்பித்து, நாலு மாதத்தைக் குறிப்பிட்டு, ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் இப்படி இருந்தது:

'நாளை காலை பத்து மணிக்குள் முழுத் தொகையையும் செலுத்தத் தவறினால், தங்கள் மகள் தேர்வு எழுத அனுமதிக்கப்பட மாட்டாள்.'

அவள் அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

பதினோரு வருஷமாக எத்தனை நோட்டீஸ் எழுதியிருப்பாள்! எல்லாவற்றிலும் கடைசி வரி அதுதான். மனசு அடுப்பில் இருந்திருக்கிறது, கை தன் பாட்டுக்குப் பழகின தடத்தில் ஓடியிருக்கிறது. திருப்பிப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. மடித்துக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வார்த்தை போதும். 'ஐயோ மாஸ்டர், தப்பா எழுதிட்டேன், பாப்பாவை உள்ள அனுப்புங்க.' அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்தது.

"என்னம்மா அங்க, என்ன தகராறு?" என்றார் பின்னாலிருந்து ஹெட் கிளார்க்.

மாஸ்டருக்குப் பின்னால் ஆறு பேர் நின்றிருந்தார்கள். சொந்த வீட்டு வாடகையை வசூல் பண்ண, பள்ளிக்கூடப் பரீட்சையைக் காட்டி ஒரு குழந்தையை மிரட்டிய கிளார்க். அப்படித்தானே எழுதியிருக்கிறது? கீழே அவள் கையெழுத்து வேறு. தப்பாக எழுதிவிட்டேன் என்றால் அந்த மனுஷன் நம்புவாரா?

"ஒண்ணுமில்ல சார். பழைய பாக்கி" என்றாள்.

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்து நினைத்து அன்று முழுக்க அவள் வெந்துகொண்டிருந்தாள்.

கடிதத்தைச் சட்டென்று துவாரத்தின் வழியே திருப்பித் தள்ளினாள். நோட்டுக் கட்டை மடியில் இருந்த பைக்குள் போட்டாள். மாஸ்டர் போகாமல் நின்றார்.

"சீட்டு, மேடம்?"

சீட்டே தேவையில்லாத குழந்தைக்கு அவள் சீட்டு எழுதினாள். 'தேர்வு எழுத அனுமதிக்கலாம்.' மறுபடியும் கைதான். ரசீது நம்பர் எழுத வேண்டிய இடத்தை வெறுமனே விட்டு, முத்திரையைக் குத்தினாள். மாஸ்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நன்றி மேடம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பட்டன் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள். பின்னல் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. காலையில் அவசரத்தில் அப்பா பின்னியிருக்கிறார்.

மதியம் டப்பாவைத் திறந்தாள். அதை ஒட்டியே நோட்டுக் கட்டும் கிடந்தது. சாப்பிடாமல் மூடி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமியார் முதலில் பையைத்தான் பார்த்தாள். நோட்டுக் கட்டை எடுத்து வைத்ததும் அவள் முகம் விரிந்தது.

"முழுசாவா? நாலு மாசமும் முழுசாவா? நான்தான் சொன்னேன்ல, உன் கை லேசுப்பட்ட கையில்லன்னு!"

"அம்மா, நீங்க அந்தக் கடிதத்தைப் படிச்சீங்கதானே? கடைசி வரியைப் பாத்தீங்களா?"

"பாக்காம? அதானே உசுரு."

"பட்டனைப் பரீட்சை எழுத விடமாட்டோம்னு எழுதியிருந்துது."

"ஆமா. நீ சரியான இடத்துல பிடிச்சேன்னு நெனச்சேன்."

"அது நான் எழுதல. கைப்பழக்கத்துல வந்துருச்சு."

மாமியார் நோட்டை எண்ணுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "வேணும்னு எழுதலையா நீ?"

"நான் அப்படி எழுதுவேனா?"

"எழுதுவேன்னுதாண்டி நெனச்சேன்" என்றாள் மாமியார். அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவள், பாவம். உள்ளதைச் சொன்னாள். அதுதான் மருமகளுக்கு ஊசியாக இறங்கியது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டவள், இவள் இப்படிச் செய்யக்கூடியவள்தான் என்று நம்பியிருக்கிறாள். நம்பிவிட்டுப் பாராட்டவும் செய்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துப் புருஷன் உள்ளே வந்தான். கையைத் துடைத்துக்கொண்டே, "மாஸ்டர் மெஷின் வந்துடுச்சா?" என்று கேட்டான்.

"எங்கிருந்து வரணும்?"

"காலையில ஏழு மணிக்கு வண்டி வந்துதே. படியில திரும்பற இடத்துல சிக்கிக்குச்சு. நான்தான் ஒரு பக்கம் பிடிச்சு இறக்கி விட்டேன். நீ மிக்ஸி ஓட்டிட்டிருந்தே, கேட்டிருக்காது. ரிப்பேருக்குப் போகுதுன்னு..."

அவன் பேச்சு அப்படியே நின்றது. மேஜைமேல் நோட்டுகள் இருந்தன. அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"ரிப்பேருக்குன்னு அவர் சொன்னாரா?" என்றாள் மருமகள்.

"இல்ல. நானாத்தான் கேட்டேன். 'ரிப்பேரா மாஸ்டர்?'னேன். சிரிச்சாரு."

மேலே சத்தம் வராத காரணம் மூன்று பேருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. மாமியார்தான் முதலில் அசைந்தாள். நோட்டுகளை ஒன்றாகத் தட்டி அடுக்கினாள். ஆனால் எண்ணவில்லை.

மருமகள் மாடி ஏறினாள். படி திரும்புகிற இடத்தில் சுவர்ச் சுண்ணாம்பு புதிதாகப் பெயர்ந்திருந்தது. மெஷின் கால் இடித்த தடம்.

கதவைத் திறந்தது பட்டன்.

"அப்பா, மேடம் வந்திருக்காங்க!"

"நான் உனக்கு அத்தைடா செல்லம்."

"அப்பா இனிமே மேடம்னு கூப்பிடச் சொன்னாரு" என்றாள் குழந்தை, சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்குக் கணக்குப் பரீட்சை. அதுக்கும் சீட்டு வேணுமா மேடம்?" என்று கேட்டாள்.

மருமகள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

ஜன்னலோரம் காலியாக இருந்தது. தரையில் நாலு வட்டத் தடங்கள், ஒரு எண்ணெய்க் கறை, மூலையில் கலர் கலராய் நூல் துணுக்குகள். மாஸ்டர் தரையில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்குக் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். ஒருநாளும் எழுந்ததில்லை.

"உக்காருங்க மாஸ்டர். நான் வாடகையைப் பத்திப் பேச வந்தேன்."

அந்தச் சொல் அந்த வீட்டில் முதன்முதலாக வாயைத் திறந்து வெளியே வந்தது. சொல்லும்போது அது அப்படியொன்றும் பெரிய சொல்லாக இல்லை. நாலு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

"வாடகைக்கும் பாப்பா பரீட்சைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த வரி ஸ்கூல் நோட்டீஸ்ல வர்றது. என் கை பழக்கத்துல எழுதிடுச்சு. உங்களைக் கவுண்டர்ல பாத்தப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல. பின்னாடி ஹெட் கிளார்க் இருந்தாரு. வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன்."

மாஸ்டர் ஊசியைப் பாவாடையில் குத்தி வைத்தார்.

"ஃபீஸ்தான் கட்டியாச்சே, அப்புறம் எப்படிப் பாப்பாவை நிறுத்த முடியும்னு ராத்திரி யோசிச்சேன் மேடம். அப்புறம் புரிஞ்சுது. அந்த ஸ்கூல்ல அவளுக்கு இடம் வாங்கிக் குடுத்ததே நீங்கதான். குடுத்தவங்களுக்கு எடுக்கவும் தெரியும்தானே?"

"அப்படியெல்லாம் இல்ல மாஸ்டர். கை தானா..."

"நானும் முப்பது வருஷமா வெட்டறவன்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "கத்திரி தானா போகுதுன்னு நாங்களும் சொல்லுவோம். ஆனா போகாது மேடம். என் கண்ணு எங்க போகுதோ அங்கதான் அதுவும் போகும்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அன்று சமையலறையில் அந்த வரியை எழுதிய நிமிஷத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கை மட்டும்தான் எழுதியதா? உள்ளே எங்கேயோ ஒரு மூலையில், இது வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா? இல்லை என்று அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

"மெஷின் எங்க இருக்கு?"

"பழைய சாமான் வாங்கறவர் கடையில. ரெண்டு நாள் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்னாரு. நல்ல மனுஷன்."

"பணத்தைத் திருப்பித் தர்றேன். போய் எடுத்துட்டு வாங்க. வாடகையை அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா..."

"அது நான் குடுக்க வேண்டியதுதானே. அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல." பாவாடையை ஓரமாக வைத்துவிட்டு, "வேற ஒண்ணு கேக்கணும்" என்றார். "சீட்டுல ரசீது நம்பர் இல்லையாம். டீச்சர் அதை ஹெட் கிளார்க்கிட்ட குடுத்துட்டாங்க. நாளைக்குக் காலையில என்னை வந்து பாக்கச் சொல்லிப் பாப்பாகிட்ட சொல்லியனுப்பியிருக்காரு. பணம் கட்டுனீங்களா, எதுக்குக் கட்டுனீங்க, யாருகிட்ட கட்டுனீங்கன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லணும் மேடம்? நீங்க சொல்றதையே சொல்லிடறேன்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார். "இது என்கிட்ட இருந்தா உங்களுக்குக் கஷ்டம். வெச்சுக்குங்க."

அவளை அடிப்பதற்கு அவரிடம் இருந்த ஒரே கம்பு அதுதான். அதையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். பொய் சொல்லவும் தயாராக நிற்கிறார். எல்லாம் அந்தப் பெண்ணின் இடம் போய்விடக் கூடாது என்பதற்காக. அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க வர வேண்டாம் மாஸ்டர்" என்றாள். இறங்கி வந்துவிட்டாள்.

கீழே மாமியார் காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையை நீட்டினாள்.

"குடு அதை. கிழிச்சு அடுப்புல போட்டுட்டா முடிஞ்சுது. மாஸ்டர்தான் நீ சொல்றபடி சொல்றேங்கறான்ல? ஃபீஸ்னு நெனச்சுக் குடுத்தேன், அந்தம்மா திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லட்டும்."

"இல்லம்மா."

"உன் வேலை போச்சுன்னா மாடிக் கடனை யாரு கட்டறது? இவன் ஒருத்தன் சம்பளத்துல நடக்குமா?"

நியாயமான கேள்வி. மருமகள் கடிதத்தை நாலாக மடித்து, கைப்பையில் சாப்பாட்டு டப்பா வைக்கிற இடத்தில் செருகினாள். காலையில் நோட்டுக் கட்டு இருந்த இடம்.

மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தன் அறைக்குப் போய்விட்டாள்.

புருஷன் போய்ப் படி திரும்புகிற இடத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டு வந்தான். பிறகு, "நாளைக்கு நான் லீவு போடறேன். அம்மாகிட்ட சாவியை நானே கேட்டு வாங்கறேன். அந்த மெஷினை மாடிக்கு ஏத்தணும்னா ரெண்டு ஆளு வேணும். இறக்கறதைவிட ஏத்தறது கஷ்டம்" என்றான்.

"ஏத்தலாம். சாயங்காலம் ஏத்தலாம்." அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "காலையில நான் கொஞ்சம் சீக்கிரமா போகணும். இந்தக் கடிதத்தோட கவுண்டருக்கு வெளிப்பக்கம் நிக்கணும்."